ஒற்றை ஸ்பீக்கர்

அலி அஸ்கரைப் பற்றி யார் கேட்டாலும் அவன் வாயிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அப்படி ஒரு வாய். பேட்டை ரயில்வே கேட் மூடித் திறப்பதற்குள் ஒரு முழுப் பாட்டைச் சொல்லி முடித்துவிடுவான். மூச்சு எங்கே வாங்கினான் என்று தெரியாது. ஆனால் ஒரு சொல்லும் இன்னொரு சொல்லின் மேல் ஏறாது. தெருவில் அவனுக்குச் சரவெடி என்று பட்டப்பெயர். அந்த வாயை அடைத்தவன் நான். அகமது மீரான், பேட்டையில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருப்பவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி கேட்டுவிட்டு, மீரான் நல்ல மனுஷன்தான் என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாது.

அஸ்கர் பிறந்தது எழுபத்திரண்டில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில். அவனுக்கு மூன்று வயதாகும்போது வாப்பா மவுத்தாகிவிட்டார். உம்மா ஜுபைதா பீவி பீடி சுற்றி அவனை வளர்த்தாள். மடியில் முறம் மாதிரி சொளவு, சொளவில் இலையும் புகையிலைத் தூளும், பக்கத்தில் கத்தரி. எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப்பேர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணும் கையும் சொளவில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அதனால் பீடி சுற்றுகிற வீட்டில் ஒரு பாட்டுப்பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். சின்னப் பெட்டி, ஒரே ஒரு ஸ்பீக்கர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பத்தொன்பது வயதில் துபாய் போனான். மீன் கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலை, நான்கு வருஷம். அறையில் கூட இருந்த சூடான்காரன் ஒருவன் ராப் கேசட் போட்டுக் கேட்பானாம். இவனுக்கு இங்கிலீஷ் புரியாது. அந்த வேகமும், கொட்டின் மேல் சொல் வந்து உட்காருகிற விதமும்தான் பிடித்துப்போயிற்று. தொண்ணூற்றைந்தில் ஊர் வந்ததும் நேரே என் கடைக்கு வந்தான்.

"பாடத் தெரிய வேண்டாம் காக்கா, பேசத் தெரிஞ்சா போதும். கொட்டு மேல சொல்ல நிறுத்தணும், அம்புட்டுத்தான்" என்றான். எங்கள் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்போம். நான் அவனுக்குப் பதின்மூன்று வயது மூத்தவன்.

"ராப்பாம்லா ராப்பு. நம்ம ஊருல அத எவன்லே கேப்பான்?" என்று சிரித்தேன். அவன் என் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டு ஆரம்பித்தான்.

இலையக் கிழி, ஓரங் கழி, எழவெடுத்த செக்கர் முழி,
நூறு கட்டு நான் குடுத்தா நாலு கட்டு கழிவுக் குழி...

பெண்கள் சுற்றிக்கொண்டு போகிற பீடியைப் பார்த்து, இது சரியில்லை அது சரியில்லை என்று எடுத்து வீசுகிறவர்தான் செக்கர். அந்த ஆளை இப்படி ஒருத்தரும் எங்கள் ஊரில் வாய்விட்டுத் திட்டியதில்லை. சிரிப்பை நிறுத்திவிட்டு மைக்கை எடுத்து வைத்தேன்.

முதல் கேசட் தொண்ணூற்றாறில் வந்தது. ஒரு மைக், அவன் வாய், கூட ஒரே ஒரு தப்ஸ் கொட்டு, அதுவும் தர்கா கந்தூரி ஊர்வலத்தில் அடிக்கிற பழைய தப்ஸ். என்னிடம் அப்போது இருந்ததே அவ்வளவுதான். பீடி சுற்றுகிற வீடுகளிலெல்லாம் ஓடு ஓடு என்று ஓடியது. செக்கர் முன்னால் நின்றுகொண்டே பெண்கள் அந்த வரியை முணுமுணுக்க, அவர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. கேசட்டைக் கேட்டவர்கள் யாரும் ரெக்கார்டிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அஸ்கர் என்னமா எழுதியிருக்கான் என்றுதான் சொன்னார்கள். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம் என்ன, நன்றாகவே உறுத்தியது.

அடுத்த வருஷம் என் மச்சான் சவுதியிலிருந்து வரும்போது ஒரு மிக்சரும் கீபோர்டும் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பொத்தானைத் திருகித் திருகிக் காட்டினேன். அஸ்கருக்கும் அந்த நேரம் வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை. "ஊருச் சத்தத்தையே கொட்டாக்குவோம் காக்கா" என்றான். கடைக்குப் பக்கத்துப் பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓடுகிற சத்தம், இலை நறுக்குகிற கத்தரி, குறுக்குத்துறைப் படியில் துணி துவைக்கிற சத்தம், எல்லாவற்றையும் ஒரு டேப்பில் பிடித்துக்கொண்டு வந்தோம். அந்த மாதிரி ஒன்றை எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் செய்ததில்லை. வார நாளில் பட்டறைச் சத்தம் கடைக்குள் வந்துவிடும் என்பதால் ஆறு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்தோம். அவன் துபாயிலிருந்து கொண்டுவந்த இரண்டு ஸ்பீக்கர் செட்டையும் என் கடையிலேயே கொண்டுவந்து வைத்தான். வீட்டில் உம்மாவுக்குப் பழைய பெட்டியே போதும் என்றான்.

சண்டை இரண்டாவது ஞாயிறே வந்துவிட்டது. நான் கீபோர்டைத் தூக்கி வைப்பேன், அவன் வந்து குறைப்பான்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு காக்கா. ஆனா சொல்லுக்கு மேல போவுது."

"சொல்லு மட்டும் போதும்னா நோட்டுல எழுதி வீட்டுக்கு வீடு குடுலே. கேசட் எதுக்கு?"

"சத்தத்த மட்டும் கேக்கதுக்கு பட்டறைக்கே போலாமே. கேசட் எதுக்கு?"

நான் டீ வாங்கப் போனேன். இப்போது யோசித்தால் இரண்டு பேர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. அந்தக் கத்தரிச் சத்தத்தை நான் கோர்த்த விதம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதை இன்றைக்கும் யார் முன்னாலும் சொல்வேன்.

ஐந்தாவது ஞாயிறு அவன் கடைசிப் பாட்டைப் பதிவு செய்தான். மற்றதையெல்லாம் என் முகத்தைப் பார்த்துச் சொன்னவன், அதை மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சொன்னான்.

ஒம் பொகையிலைக் கையி எங் கன்னத்துல பட்ட அன்னிக்கி
நாறுதுன்னு சொன்ன நாக்கு நாறிப்போச்சு இன்னிக்கி.
ஊரு முன்ன தட்டிவிட்டேன், ஒத்தையில நீ நின்ன,
கழுவிக் கழுவிச் சோறு வச்ச, ஒரு வார்த்த என்ன சொன்ன?
கடலத் தாண்டிப் போயி நின்னு மோந்து பாத்தேன் எங் கைய,
அந்த வாடை இல்லையேன்னு அழுதிருக்கேன் பைய பைய.
கையத் தா உம்மா, கழுவாத கையத் தா.

விஷயம் இதுதான். ஐந்தாம் வகுப்பில் ஒப்புவித்தல் போட்டியில் அவனுக்குப் பரிசு. உம்மா பாதிச் சொளவோடு எழுந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருக்கிறாள். எல்லாப் பிள்ளைகளும் வாத்தியாரும் பார்க்க அவன் கன்னத்தைத் தடவியிருக்கிறாள். இவன் கையைத் தட்டிவிட்டு, "கைய எடு, நாறுது" என்றிருக்கிறான். அன்றையிலிருந்து அவனுக்குச் சோறு போடுமுன் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவாளாம். அவன் முகத்தில் கை வைத்ததே இல்லையாம். துபாய்க்குப் புறப்பட்ட அன்றுகூடத் தோளைத்தான் தொட்டாளாம்.

"பதினஞ்சு வருசமாப் பாக்கேன் காக்கா. நேருல சொல்ல வாயி வரமாட்டேங்கு" என்றான். ஊரையே வாயால் அளக்கிறவன் சொல்கிறான். "இத உம்மா கேக்கணும். இந்தக் கேசட்டே அதுக்குத்தான்னு வச்சுக்கிடுங்க. இந்தப் பாட்டுலயாவது கொரலு வெளிய நிக்கணும்."

அவனுக்காகத்தான் செய்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். குரலைத் தூக்கினால் என் இசை அடிபடும், இசையைத் தூக்கினால் அவன் சொல் அடிபடும். இரண்டும் அடிபடாமல் ஒரு வழி கண்டுபிடித்தேன். குரலை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பிரித்து, ஒரு பக்கத்துக் கம்பியைத் தலைகீழாக மாற்றிக் கொடுத்தேன். ஆகா, என்ன சொல்ல. குரல் ஸ்பீக்கரை விட்டே வெளியே வந்து அறை முழுக்க நின்றது. பின்னால் இருந்து பேசுகிறானா, தலைக்கு மேலே இருந்து பேசுகிறானா என்று தெரியவில்லை. அஸ்கர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காக்கா, சொல்லும் ஜெயிச்சிட்டு, சத்தமும் ஜெயிச்சிட்டு" என்றான். எனக்குத் தலை முகட்டில் முட்டியது. பத்துப் பாட்டுக்கும் அதையே செய்துவிட்டேன்.

கேசட் வந்த அன்றே ஒன்றை உம்மா கையில் கொடுத்துவிட்டு, மறுபடி வெளிநாடு போகிற பாஸ்போர்ட் வேலையாக மெட்ராசுக்கு ரயில் ஏறிவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வெட்கம். "நான் இல்லாதப்ப கேக்கட்டும். திரும்பி வரும்போது அவ மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சிரும்லா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு வாரத்தில் பெண்கள் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். என்ன மீரான், பேச்சே கேக்கல, கெணத்துக்குள்ள முணுமுணுங்குது என்றார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெட்டியில் டேப் உரசுகிற ஹெட்டைத் துடையுங்கள், பேட்டரியை மாற்றுங்கள் என்று விரட்டினேன். கடையில் இரண்டு ஸ்பீக்கரிலும் போட்டுக் காட்டினேன். அங்கே மணி மணியாகக் கேட்டது. பிறகு பாளையங்கோட்டையில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ஞானையா அண்ணாச்சி ஒரு காரியமாக வந்தார். கேசட்டை வாங்கிப் போட்டார். கேட்டுக்கொண்டே என் மிக்சரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

"கொரல்ல ஒரு பக்கத்தத் திருப்பிக் குடுத்திருக்கீரோ?"

"ஆமா அண்ணாச்சி. எப்படி நிக்குது பாத்தீரா?"

"நிக்கும். இத ஒத்த ஸ்பீக்கர் பெட்டில போட்டுப் பாத்தீரா வே?"

நான் பார்க்கவில்லை. மூன்று மாதமாக என் கடையில் ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியே கிடையாது. அந்தப் பழசு எதற்கு என்று தூக்கிக் கொடுத்திருந்தேன். அவர் பையிலிருந்து ரிப்பேருக்கு வந்த ஒரு சின்னப் பெட்டியை எடுத்துப் போட்டார். கத்தரி கேட்டது, கீபோர்டு கேட்டது, துணி துவைக்கிற சத்தம் ஜோராகக் கேட்டது. அஸ்கர் இல்லை. எங்கோ தூரத்தில் எதிரொலி மட்டும் முனகியது.

"கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன் ஒரே பலத்துல தள்ளினா கதவு அசையுமா? அதான் வே. ரெண்டு பக்கமும் ஒரு ஸ்பீக்கர்ல சேரும்போது ஒண்ண ஒண்ணு தின்னுரும். கொரலு போச்சு" என்றார். பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, "ஒரு பக்கத்த மட்டும் எடுத்துத் திருப்பிப் பதிஞ்சிரும். அரை மணி நேர வேலை" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அரை மணி நேர வேலை. ஆனால் கேசட் ஊர் முழுக்கப் போய்விட்டிருந்தது. திருப்பிப் பதிந்து கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். புது மிக்சரைக் காட்டிக் காட்டி அத்தனை பெருமை பேசியவன், கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கச்சேரிக் கோஷ்டி வேறு ரெக்கார்டிங்குக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன். இருபது நாள் ஓடிப்போனது. அஸ்கர் வந்து நின்றான்.

இளைத்திருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உம்மாகிட்ட கேட்டேன் காக்கா. கேசட்டு கேட்டியான்னு. கேட்டேன் வாப்பா, கொட்டு நல்லாருக்குன்னா. கடசிப் பாட்டு கேட்டியான்னேன். அதுலயும் கொட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டு கை கழுவப் போயிட்டா." கேசட்டை மேஜையில் வைத்தான். "வீட்டுப் பெட்டில நானும் போட்டுப் பாத்தேன். என்னமோ முனகுத மாதிரி இருக்கு. இங்கன அப்படி இல்லையே. என்ன காக்கா ஆச்சு? எங்கிட்ட தப்பா, பெட்டில தப்பா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. என் நாக்கு நுனியில்தான் இருந்தது. அவன் கேள்வியிலேயே எனக்கு ஒரு சந்து தெரிந்தது, அதற்குள் நுழைந்துவிட்டேன். கேசட்டை எடுத்து இரண்டு ஸ்பீக்கரிலும் போட்டேன். அவன் குரல் அறை முழுக்க நின்றது.

"பாத்தியா? பதிவுல ஒரு கொறையும் இல்ல. இந்தத் தடவ நீ ரொம்ப வேகம்லே. சொல்ல முழுங்குத. பெரிய செட்டுல தெரியாது, சின்னப் பெட்டில போட்டாத் தெரிஞ்சிரும். போன கேசட்டுல அப்படி இல்ல."

அவன் என்னையே பார்த்தான். நம்பிவிட்டான். நான் மிக்சரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"முழுங்குதேனா காக்கா?"

"ஆமாலே. அடுத்த தடவ பைய சொல்லு, சரியாயிரும்" என்றேன். தேறுதல் வேறு சொன்னேன், பாவி.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் ஷார்ஜா போய்விட்டான். ஸ்பீக்கர் செட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னேன், "நீங்களே வச்சுக்கிடுங்க" என்றான். மாதம் ஒரு தடவை தெருமுனை போன் கடைக்குக் கூப்பிடுவான். நாலு பேர் நிற்கிற இடத்தில் உம்மா நல்லா இருக்கியா, மருந்து வாங்கினியா, அதோடு சரி. இரண்டு வருஷம் ஊருக்கு வரவில்லை. இந்தக் கதை முழுக்கத் தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான். ஞானையா அண்ணாச்சி அதை அன்றே மறந்திருப்பார். என் கடையில் அந்த ஸ்பீக்கர் இரண்டும் தினமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஒரு துணியைப் போட்டு மூடிவைத்தேன்.

தொண்ணூற்றொன்பதில் என் உம்மா மஹ்மூதா பீவிக்குத் துணையாக நானும் ஹஜ்ஜுக்குப் போக அமைந்தது. புறப்படுமுன் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். எங்கள் வழக்கம் அது. மனுஷனிடம் பட்ட கடனை மனுஷன்தான் தீர்க்க வேண்டும், அல்லாஹ்விடம் போய் அழுதால் ஆகாது. குழாயடியில் சட்டையைப் பிடித்தவர் வீட்டுக்குப் போனேன். என்னை ஊர்க் கூட்டத்தில் ஏசியவர் வீட்டுக்குப் போனேன். எல்லோரும் கட்டிப்பிடித்து, பொறுத்துக்கிட்டோம், எங்களுக்கும் துஆ செய்யுங்க என்றார்கள். நான்கு நாளில் நூறு வீடாவது ஏறியிருப்பேன். என் வீட்டுக்காரி நஃபீஸத் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அடுத்த தெரு ஜுபைதா மாமி வீட்டுக்குப் போயாச்சா?"

"போவணும்."

"நேத்தும் போவணும்னுதான சொன்னீய?"

மறுநாள் காலையில் போனேன். மாமி சொளவோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பெட்டி. அதில் எங்கள் கேசட்தான் ஓடிக்கொண்டிருந்தது. என் கத்தரிச் சத்தம், அவள் கத்தரிச் சத்தம், இரண்டும் சேர்ந்து கேட்டது. ஸலாம் சொல்லிவிட்டு நின்றேன்.

"வா மீரானு. ஹஜ்ஜுக்குப் போறியாம்லா. உம்மாவ நல்லாப் பாத்துக்கோ, கூட்டத்துல கைய விட்டுராத." நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "அல்லாஹ்வுக்காக எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். எம் மவனுக்கு ஒரு துஆ செய்யி. ஊருக்கு வரணும்னு செய்யி."

கேட்காமலே கிடைத்துவிட்டது. அப்படியே திரும்பி நடந்திருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கால் வாசலை நோக்கித் திரும்பியும்விட்டது. அப்போது பெட்டியில் கடைசிப் பாட்டு ஆரம்பித்தது. மாமி கத்தரியைக் கீழே வைத்தாள்.

"இது எனக்குப் பிடிச்ச பாட்டு. மத்த பாட்டெல்லாம் அவன் வீட்டுல சொல்லிப் பாக்கும்போது காதுல வாங்கிருக்கேன். முனகுனாலும் என்ன சொல்லுதான்னு தெரியும். இது மட்டும் அவன் இங்கன சொல்லிப் பாக்கல. என்னமோ சொல்லுதான். ரெண்டு வருசமாக் காதக் கிட்ட வச்சுக் கேக்கேன், ஒண்ணும் புடிபடல. ஒனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். ஒரு எழுத்து விடாமல் தெரியும். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கம்பியை மாற்றியது, ஞானையா அண்ணாச்சி வந்தது, அஸ்கர் கேட்டது, நான் பூசி மெழுகியது, எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. அது என் வாயால் வரக் கூடாது என்று தோன்றியது. முடிந்ததும், "போயி அதச் சரிபண்ணி எடுத்துட்டு வா" என்றாள்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பதிந்து கொண்டுவந்து அந்தப் பெட்டியில் போட்டேன். இரண்டு வருஷமாக நான் செய்யாத வேலை இது.

அஸ்கர் பேசினான். ஒற்றை ஸ்பீக்கரில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவன் மாதிரி. மாமி பெட்டியைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையத் தா உம்மா, கழுவாத கையத் தா என்று முடிந்தது. அவள் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, புகையிலை ஞாபகம் வந்து, சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"பச்சப் புள்ள சொன்னத நான் எப்பவோ மறந்துட்டேன். கை கழுவுதது பழக்கமாப் போச்சு, அம்புட்டுத்தான்" என்றாள். பிறகு பெட்டியை நிறுத்திவிட்டு, "அவன் எங் கையக் கேட்டிருக்கான் மீரானு. நான் கொட்டு நல்லாருக்குன்னு சொல்லிருக்கேன்" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிச்சிருங்க மாமி என்று சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"நான் சொன்னது சொன்னதுதான். திருப்பி எடுத்துக்கிட மாட்டேன். ஆனா அது எம் பங்கு. அவன் பங்கு அங்கன கெடக்கு. அத நான் எப்படிக் குடுக்க?"

அன்று மத்தியானமே என் கடைக்கு வந்தாள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கேசட்டில் பேசி அனுப்புவது எங்கள் ஊரில் சாதாரணம். ஆனால் மாமி ஒரு தடவைகூடப் பேசி அனுப்பியதில்லை, கூச்சம். மிக்சரை எடுக்கவில்லை. ஒரு மைக், பழைய டேப், அவ்வளவுதான். மைக்கில் எதைப் பிடித்துப் பேச வேண்டும் என்று கேட்டாள், பிடிக்க வேண்டாம் என்றேன். இருந்தாலும் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் பட்ட இடத்தில் புகையிலைத் தூள் ஒட்டியது.

"வாப்பா அஸ்கரு. உம்மா பேசுதேன். நீ கேட்ட கையி இங்கனதான் இருக்கு. இன்னும் கழுவல. நீ வா" என்றாள். டேப் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கை என் பக்கம் தள்ளினாள். "மீரான் இருக்கான். ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

எத்தனையோ பேரை அந்த மைக் முன்னால் உட்கார வைத்திருக்கிறேன். பயப்படாதீங்க, சும்மா பேசுங்க என்று சொல்லியிருக்கிறேன். மைக்கைக் கிட்ட இழுத்துக்கொண்டேன். "அஸ்கரு, நீ ஒரு சொல்லையும் முழுங்கலலே. நான்தான் கம்பிய மாத்திக் குடுத்துட்டேன். தெரிஞ்சே ஒங்கிட்டப் பொய் சொன்னேன்" என்றேன். மாமி எழுந்து போன பிறகுதான் டேப்பை நிறுத்தக் கை வந்தது.

கேசட்டை ஷார்ஜாவுக்கு அனுப்பிவிட்டு, அவன் பதில் வருமுன்பே நாங்கள் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுவிட்டோம். அங்கே எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் ஒரு வீட்டுப் பாக்கியை வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்பது நிற்கும்போதும் நடக்கும்போதும் கூடவே இருந்தது. என் உம்மா என்னைப் பார்த்துவிட்டு, அல்லாஹ் மேல் வைத்த ஈமானில் உருகுகிறான் பிள்ளை என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னாள்.

திரும்பி வந்த மறுநாள் ஜம்ஜம் தண்ணீரோடு ஜுபைதா மாமி வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே அவள் முகத்தில் தெரிந்தது. அஸ்கர் அடுத்த நோன்புக்கு ஊர் வருகிறானாம். கேசட் அனுப்பியிருக்கிறானாம்.

"ஒனக்கும் பேசிருக்கான். கேளு" என்று பெட்டியின் பொத்தானை அழுத்தினாள்.

முதலில் இரைச்சல். பிறகு அவன். எனக்கு அடையாளமே தெரியவில்லை. அந்தச் சரவெடி வாய் ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, படி இறங்குகிற கிழவனைப் போலப் பேசியது.

"மீரான் காக்கா. ஒங்க மேல வருத்தம் இல்ல. அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கிட்டேன். எழுதுதியான்னு கேப்பீய. இல்ல காக்கா. முழுங்குதன்னு நீங்க சொன்ன நாள்லருந்து, ஒரு சொல்லச் சொன்னா, சரியாச் சொன்னனான்னு நின்னு பாத்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போவுதேன். அது தப்புன்னு இப்பத் தெரிஞ்சிட்டு. ஆனா வாயி அப்படியே பழகிட்டு. ஒங்களுக்குக் கேக்குதுல்லா காக்கா?"

கேட்டது. அந்த ஒற்றை ஸ்பீக்கரில் நன்றாகவே கேட்டது. அவன் ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை.